டப்பா மாத்திரையும் பி-12 பரிசோதனையும்

அல்சூர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் நம் தமிழ் அன்பர்களின் பேச்சில் அரசியலுக்கு அடுத்த இடம் சர்க்கரை வியாதிக்குத்தான். இப்போது மருந்தைவிட வைட்டமின் மாத்திரைகளைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். ஒருவர் குரோமியம் என்கிறார், இன்னொருவர் மக்னீசியம் என்கிறார். அமெரிக்காவிலிருந்து பிள்ளை அனுப்பிய பெரிய டப்பாவை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வதையும் பார்க்கிறேன். நான் டாக்டர் அல்ல. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவன். அந்த உரிமையில் என் கருத்தை எழுதுகிறேன்.

இந்த டப்பாக்களால் சர்க்கரை இறங்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உடலில் குறைபாடு இல்லாதவர்கள் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்காக வைட்டமின், குரோமியம், லவங்கப்பட்டை போன்றவற்றை எடுத்துக்கொள்ள அமெரிக்க நீரிழிவு சங்கம் பரிந்துரைப்பதில்லை. வைட்டமின் டி மீது பெரிய நம்பிக்கை இருந்தது. சர்க்கரை வரும் கட்டத்தில் இருந்த 2,400-க்கும் மேற்பட்டோரை அமெரிக்காவில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினமும் 4,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான முடிவில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய டப்பாக்களில் 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு வைட்டமின் விஷயம் வேறு. நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் மெட்ஃபார்மின், உடலில் பி-12 சத்து சேருவதைக் குறைக்கிறது. ஈரலில் சில ஆண்டுகளுக்குக் கையிருப்பு இருப்பதால் உடனே தெரிவதில்லை. அளவு கூடக் கூட, ஆண்டுகள் ஏற ஏற, குறைவு வர வாய்ப்பு அதிகம். இது அபூர்வமல்ல, சாதாரணமாக வரக்கூடிய பக்கவிளைவுதான் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அறிவித்தது. இயற்கையில் பி-12 கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். காய்கறியிலும் பருப்பிலும் இல்லை. ஆகவே சைவக் குடும்பங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இதோடு அசிடிட்டி மாத்திரையையும் வருஷக்கணக்கில் விழுங்குபவர்களைக் கேட்கவே வேண்டாம்.

என் சம்பந்தி வேலூர்க்காரர், சுத்த சைவம். கால் எரிச்சல், மரத்துப்போதல் என்று இரண்டு வருஷம் அவதிப்பட்டார். சர்க்கரை இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மகன் அனுப்பிய டப்பா ஒன்று மாற்றி ஒன்று காலியானதுதான் மிச்சம். கடைசியில் ஒரு டாக்டர் பி-12 பார்க்கச் சொன்னார், மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்டதும் சில மாதங்களில் எரிச்சல் அடங்கியது. மரத்துப்போன விரல்கள் முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு கெட்டபின் எல்லாம் சரியாகும் என்று சொல்ல முடியாது. சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறும் பி-12 குறைவும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதில் சங்கடம்.

தண்டவாளத்தின் உள்ளே இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராசானிக் கருவியை ஓட்டிக் கண்டுபிடித்து, அந்தத் துண்டை மட்டும் மாற்றுவோம். சந்தேகத்தின் பேரில் செக்‌ஷன் முழுவதையும் மாற்றுவதில்லை, சோதிக்காமலும் விடுவதில்லை. டப்பா வாங்கும் பணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமே!

நம் பகுதிகளில் நடக்கும் இலவச முகாம்களில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதோடு சரி. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடும் உறுப்பினர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் பி-12 பரிசோதனை செய்துதர ஏதாவது ஒரு லேபுடன் சங்கம் பேசலாம். பொங்கல் விழாச் செலவில் ஒரு சிறு பகுதியே போதும்.

பரிசோதனைக்குப் போகிறவர்கள், சாப்பிடும் டப்பாவையும் டாக்டரிடம் காட்டுங்கள். அதில் பி-12 இருந்தால் ரத்தத்தில் அளவு கூடுதலாகக் காட்டும். முடி வளர்ச்சிக்கென்று சேர்க்கும் பயோட்டின் இருந்தால் தைராய்டு போன்ற பரிசோதனைகளின் முடிவே தவறலாம் என்று அமெரிக்க அரசு 2017-இல் எச்சரித்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை யாரும் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். அது நல்ல மருந்து. குறைவது பி-12 மட்டும்தான், அதை மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுகட்டிக்கொள்ளலாம்.