பெங்களூரு – சென்னை விமானம் 1 மணி நேரம்தான்... பேரிகையிலிருந்து கிளம்பினால்?

கூகுளில் கேட்டால் பதில் சுலபம். பெங்களூரு – சென்னை வான்வழியில் சுமார் 270 கி.மீ., விமானத்தில் 1 மணி நேரம். பேரிகையில் குடியிருந்து, ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர் ஒரு மீட்டிங்குக்காகச் சென்னை போகணும். அவருக்கு இந்தக் கணக்கு சரிவருமா?

மணிக்கு 800 கி.மீ. பறக்கிற விமானத்துக்கு 270 கி.மீ. என்பது 20 நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால் இந்தக் குறைந்த தூரத்தில் மேலே ஏறி முடித்ததுமே இறங்க ஆரம்பிக்க வேண்டும். முழு வேகம் கொஞ்ச நேரம்தான். தவிர, டிக்கெட்டில் போடும் நேரத்தில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் சேர்த்தி.

சரி, தரைக்கு வருவோம். பேரிகையிலிருந்து தேவனஹள்ளியில் உள்ள கெம்பேகவுடா விமான நிலையத்துக்கு நேர்க்கோடு போட்டால் 50 கி.மீ. சொச்சம். சாலையில் அதைவிட நிறையவே கூடும். மாலூர், ஹொஸ்கோட்டை வழியாக 2 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஓசூர் போய் சில்க் போர்டு வழியாகன்னா, சாமி மேல பாரத்தைப் போட்டுட்டு கிளம்ப வேண்டியதுதான். செக்-இன், பாதுகாப்புச் சோதனைக்கு ஒன்றரை மணி நேரம், மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போக அரை மணி. மொத்தம் 5 மணி நேரம். ஓசூர் – சென்னை கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சுமார் 310 கி.மீ., காரில் ஐந்தரை முதல் 6 மணி நேரம். அதாவது, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மிச்சம் பிடிப்பது ஒரு மணி நேரம்கூடத் தேறாது.

ஓசூர் விமான நிலையப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்தத் தலைவலிதான். ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் வகையில், 2,000 ஏக்கரில் அமையும் என்று 2024 ஜூன் 27-ல் சட்டப்பேரவையில் அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அடுத்த ஆண்டே பேரிகை – பாகலூர் பகுதி பெயர் அடிபட்டது.

தடை எங்கே? பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில். 2008 மே மாதம் அது திறக்கப்பட்டதிலிருந்து 25 ஆண்டுகளுக்கு, 150 கி.மீ. வான்தூரத்துக்குள் போட்டி விமான நிலையம் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. பெலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் ஏற்கெனவே இருந்தும் ஓசூருக்குப் பயணிகள் விமானம் வராததற்கு இதுவே முக்கியக் காரணம். வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்தம் வான்தூரத்தை அளக்கிறது. நாம் அவதிப்படுவதோ சாலைத் தூரத்தில்.

2033 மே மாதத்தோடு அந்தக் கெடு முடியும். ஆனால் சென்னை போகத்தான் விமான நிலையம் வேண்டும் என்பது பலவீனமான வாதம். ஹொஸ்கோட்டை – ஸ்ரீபெரும்புதூர் விரைவுச் சாலை சுமார் 260 கி.மீ.; மாலூர் வழியாகத்தான் போகிறது. அது முழுமையாகத் திறந்தால் பேரிகைக்காரர் சென்னைக்கு விமானத்தையே மறந்துவிடலாம். டெல்லி, மும்பை, சிங்கப்பூர் பயணங்களுக்கும் சரக்குக்கும்தான் ஓசூரில் ஓடுதளம் உண்மையில் உதவும். தக்காளி, கோஸ், ரோஜா விளையும் நிலத்தைக் கேட்கும்போது, அரசு விவசாயிகளுக்குக் காட்ட வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.