தானாகச் சுற்றும் தட்டும் கையால் சுற்றும் தட்டும்

காந்தக் கட்டிகளை ஒரு தட்டின் விளிம்பில் சுற்றிவர ஒட்டி, எதிரே இன்னும் சில காந்தங்களை நிறுத்திவிட்டால் தட்டு தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும், மண்ணெண்ணெயும் வேண்டாம் மின்சாரமும் வேண்டாம் தோட்டத்துக்கு நீர் இறைக்கலாம் என்றொரு பேச்சு எமது கிராமங்களில் அடிக்கடி எழுகின்றது. 2022ஆம் ஆண்டில் இப்பேச்சு வலுத்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. ஆகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. பல ஆண்டுகள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டு, கடன்பட்டுக் கிணறு இறைத்துத் துப்புரவாக்கி வெங்காயம் வைத்த குடும்பங்களுக்கு இது எத்தகைய அடி என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் கைத்தொலைபேசியில் வந்த காந்தச் சக்கரப் படங்களைப் பார்த்து மனம் சபலப்பட்டவர்களை நாம் குறைகூறவும் மாட்டோம்.

ஆயினும் அச்சக்கரம் நீர் இறைக்காது. துலா மிதித்த தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கின்றது. அவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துலாவின் அடிப்பாரம் பட்டையை மேலே தூக்க உதவுகின்றது உண்மைதான். ஆனால் அந்தப் பாரத்தை மறுபடி மேலே ஏற்றுவது யார்? துலாவில் முன்னும் பின்னும் நடந்தவருடைய கால்களே. காந்தமும் அப்படித்தான். நிலையாக வைத்த காந்தத்தை நெருங்கும்போது தட்டு விரைகின்றது. கடந்து செல்லும்போது அதே காந்தம் அதே பலத்தோடு பின்னுக்கு இழுக்கின்றது. காந்தத்தைச் சாய்த்து ஒட்டினாலும், தகடு வைத்து மறைத்தாலும், ஒரு சுற்று முடியும்போது கொடுத்ததும் பெற்றதும் சரியாகிவிடும். பெயாரிங் நல்லதாக இருந்தால் கையால் தட்டிவிட்ட வேகத்தில் சிறிது நேரம் ஓடும். அந்தச் சிறிது நேரத்தைத்தான் படம் பிடித்துக் காட்டுகின்றார்கள். சிலர் மேசைக்கடியில் பற்றறியையும் மோட்டாரையும் ஒளித்து வைத்திருக்கின்றார்கள்.

அப்படியானால் காந்தத் தட்டை எமது பிள்ளைகள் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? இங்கேதான் நாம் சில பெற்றோருடன் முரண்படுகின்றோம். 1831இல் மைக்கல் பரடே காந்த முனைகளுக்கிடையே ஒரு செப்புத் தட்டைச் சுற்றித்தான் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றறிக்கும் தடை. சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட மக்கள் நாம். அந்த டைனமோவுக்குள்ளும் சுற்றியது ஒரு காந்தமே. சுற்றியது எமது கை என்பதை அன்று எவரும் மறக்கவில்லை, கை வலித்ததே!

மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிலர் இவ்வேலையில் இறங்கினார்கள். பழுதடைந்த றேடியோக்களின் ஒலிபெருக்கிகளிலிருந்து எடுத்த 8 காந்தங்கள், எரிந்துபோன மின்விசிறியிலிருந்து கழற்றிய செப்புக் கம்பியில் 6 சுருள்கள், பழைய சயிக்கிளின் முன்சில்லு அச்சு, ஒரு பலகைத் தட்டு. முதலில் எல்லாக் காந்தங்களையும் ஒரே முனை வெளியே தெரிய ஒட்டிவிட்டார்கள். சிறிய எல்.ஈ.டி குமிழ் மினுங்கியதோடு சரி. பின்னர் ஒன்றுவிட்டு ஒன்றைப் புரட்டி, வடமுனை தென்முனை என மாறிமாறி வரச் செய்தார்கள். அதே கை, அதே வேகம். குமிழ் பளிச்சென்று எரிந்தது. சுருளுக்கு வேண்டியது காந்தம் அருகில் இருப்பது அல்ல, காந்தப் புலம் மாறுவது என்பதை அவர்கள் புத்தகம் திறவாமலே கண்டுகொண்டார்கள். பலகைக்குப் பதில் இரும்புத் தட்டில் ஒட்டியபோது வெளிச்சம் இன்னும் கூடியது.

எமக்கு முக்கியமாகப் பட்டது அடுத்து நடந்தது. சுருளின் கம்பி முனைகளை ஒன்றோடொன்று தொடுத்தபோது தட்டு கையில் சற்றுக் கனத்தது. "ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு, பாதர்" என்றாள் சுற்றிக்கொண்டிருந்த சிறுமி. 1834இல் லென்ஸ் என்பவர் எழுதிவைத்த விதி அதுதான். மின்சாரம் எடுத்தால் தட்டு எதிர்க்கும். அந்த எதிர்ப்பை வெல்ல யாராவது, எதுவாவது தள்ளவேண்டும். இதைக் கையால் உணர்ந்த பிள்ளைக்குத் தானாகச் சுற்றும் சக்கரத்தை எவராலும் விற்கமுடியாது.

கையாலோ காலாலோ தோட்டத்துக்கு இறைக்கலாமா என்றால் கணக்கு இடங்கொடாது. 6 மீற்றர் ஆழத்திலிருந்து 50,000 லீற்றர் நீரை மேலே கொண்டுவர, 75 வாற்று வலுவோடு மிதிக்கும் ஒரு திடகாத்திரமான ஆளுக்கு, எந்த வீண்விரயமும் இல்லையென்றாலும் ஏறக்குறைய 11 மணிநேரம் பிடிக்கும். தட்டைக் காற்று சுற்றினால் கதை வேறு. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஹியூ பிகொட் இத்தகைய காந்தத் தட்டுக் காற்றாடிகளைப் பட்டறையில் செய்யும் முறையை உலகெங்கும் பரப்பியவர். 2001இல் அவர் எழுதிய கைநூல் ஒன்று பெரு நாட்டிலும் எமது இலங்கையிலும் உள்ள சிறு பட்டறைகளை மனதிற்கொண்டே எழுதப்பட்டது. அதன் பயன் பற்றறி ஏற்றுவதும் விளக்கு எரிப்பதும். அதற்கும் நல்ல காற்று வீசும் இடம் வேண்டும்.

ஆகவே பெற்றோரிடம் நாம் கேட்பது சிறிது. எரிந்த மோட்டார்களைப் பழைய இரும்புக்குப் போடுமுன் கம்பியைப் பிள்ளைகளுக்குக் கழற்றிக் கொடுங்கள். நிறுவனங்கள் தந்த சூரியத் தகடுகள் ஒரு கம்பி அறுந்ததற்காக மூலையில் கிடக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கின்றோம்; இப்பிள்ளைகளே அவற்றைத் திருத்துவார்கள். கடையில் விற்கும் வெள்ளிநிற நியோடைமியம் காந்தங்களை மட்டும் சிறுவர் கைக்கு எட்ட வைக்கவேண்டாம். இரண்டை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும்.

2022 இல் ஒரு தகப்பன் எம்மிடம் வந்தார். காந்த மோட்டாருக்கு முற்பணம் கேட்கின்றார்கள், மனைவியின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்டார். விற்பவரைக் கிணற்றடிக்கு வரச்சொல்லுங்கள், பெட்டியைத் திறந்து வைத்து ஒரு பின்னேரம் நீர் இறைத்துக் காட்டட்டும், முழுப் பணத்தையும் அங்கேயே கொடுப்போம் என்று சொல்லி அனுப்பினோம். விற்பவர் வரவில்லை. சங்கிலி தப்பியது. அந்தப் போகம் அவர் பாதித் தோட்டத்துக்கே வெங்காயம் வைத்தார்.