பட்டணத்தில் எங்கே தங்குவது?

சங்க அலுவலாகச் சென்னைக்கு வரும் தென்மாவட்ட நிர்வாகிகள் பலர், பேருந்தை விட்டிறங்கிய இடத்திலேயே அறை எடுத்துவிடுகின்றனர். இது சரியன்று. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பெற்ற கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் தென்மாவட்டப் பேருந்துகள் இப்பொழுது பெரும்பாலும் நிற்கின்றன. அங்கிருந்து எழும்பூர் பாந்தியன் சாலையிலுள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

கணக்குப் புத்தகத்துடன் மட்டும் வருவோர் தாம்பரத்தில் தங்கலாம். 1931 முதல் அங்கிருந்து மின்சார ரயில் ஓடுகிறது, வண்டி மாறாமல் எழும்பூரில் இறங்கலாம், கட்டணமும் சொற்பமே. ஆனால் சேலை மூட்டையுடன் வருவோர் காலை நெரிசலில் அவ்வண்டியில் ஏற இயலாது. அவர்களுக்கு எழும்பூரே உகந்தது. கோயம்பேட்டு அங்காடிக்கு வரும் விவசாய அன்பர்களுக்கோ, வியாபாரம் விடியுமுன்னரே தொடங்கிவிடுவதால், அதனருகே தங்குவதே முறை.

குறைந்த வாடகைச் சீட்டைக் கண்டு சிக்கனம் என மகிழ்கிறோம். அடுத்த சீட்டில் ஆட்டோக் கூலி அந்த மிச்சத்தை விழுங்கியிருப்பதைச் சங்கக் கணக்குகளின் ஆய்வில் நான் பன்முறை கண்டிருக்கிறேன். ஆகவே வாடகையையும் வண்டிக்கூலியையும் கூட்டிப் பார்த்தே இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும். செலவாவது தறியிலும் வயலிலும் உழைக்கும் அங்கத்தினரின் பணமன்றோ!