சீட்டில்லா மருந்தும் சிசுவின் உயிரும்

பெரிய காஞ்சிபுரத்தின் தறிவீடுகளில் பச்சைக் குழந்தை இருமினால் தாய் முதலில் எங்கே ஓடுகிறாள்? பல நேரம் ஆஸ்பத்திரிக்கு அல்ல. தெருமுனை மருந்துக் கடைக்கு! ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு பொழுது போகும். தறி நின்றால் கூலியும் நின்றுபோகும். ஆலைக்கும் கழனிக்கும் போகும் தாய்மாரின் கதையும் இதுவே. டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் சிரப்பை வாங்கிக் குழந்தைக்கு ஊற்றிவிட்டு, அவர்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

அந்தச் சிரப்பு என்ன செய்யக்கூடும் என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்?

எரித்ரோமைசின் என்ற மருந்தையே எடுத்துக்கொள்வோம். நோய்க்கிருமிகளை ஒழிக்கும் நல்ல மருந்து அது. ஆனால் பிறந்து சில நாட்களே, சில வாரங்களே ஆன சிசுவுக்கு அது வேறொரு கேட்டையும் விளைவிக்கக்கூடும். இரைப்பையிலிருந்து குடலுக்குப் பால் இறங்கும் வாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அது தடித்துப்போய் வழியை அடைத்துவிடும். குடித்த பால் பீறிட்டு வெளியே வரும். குழந்தை மறுபடி பசித்து அழும், குடிக்கும், கக்கும். மூத்திரம் குறையும், எடை குறையும், உடல் வற்றும். ஆபரேஷன் செய்து அந்தத் தசையைக் கீறிவிட்டால் வழி திறக்கும், குழந்தை பிழைக்கும். தாமதித்தாலோ உயிருக்கே ஆபத்து.

இது கற்பனையல்ல. 1976-லேயே இத்தகைய ஐந்து குழந்தைகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழ் எழுதியது. 1999 பிப்ரவரியில் அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளிடம் கக்குவான் இருமல் தோன்றியது. அங்கே அம்மாதம் பிறந்த சுமார் 200 குழந்தைகளுக்குத் தடுப்பாக எரித்ரோமைசின் கொடுக்கச் சொன்னார்கள். மார்ச்சில் இரண்டே வாரங்களில் ஏழு குழந்தைகளுக்கு இரைப்பை வாய் அடைத்துக்கொண்டது. ஏழு பேரும் அந்த மருந்தை உண்டவர்கள்! அதன் இனத்தைச் சேர்ந்த அஸித்ரோமைசினுக்கும் இந்த ஆபத்து உண்டு என்று 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

நாக்ஸ்வில்லில் உண்மை எப்படி வெளிப்பட்டது? எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து கொடுத்தார்கள் என்பது ஏட்டில் இருந்தது. டாக்டர்கள் கவனித்தார்கள், சுகாதார இலாகா விசாரித்தது. நம் தெருக் கடையில் சீட்டும் இல்லை, ஏடும் இல்லை. இங்கே ஏழு குழந்தைகள் கக்கினால் “பால் ஒத்துக்கொள்ளவில்லை”, “திருஷ்டி பட்டுவிட்டது” என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். இந்த மருந்தே ஆகாது என்பதல்ல நம் வாதம். கக்குவான் இருமல் சிசுவைக் கொல்லும் நோய். அப்போது டாக்டர் கொடுக்கும் மருந்தைத் தாய் தானாக நிறுத்தக்கூடாது. மருந்து உண்ணாத குழந்தைக்கும் இந்த அடைப்பு வருவதுண்டு. ஆகவே, பால் குடித்ததும் பீறிட்டுக் கக்கும் சிசுவை ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். கொடுத்த மருந்துப் புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.

கண்காணிப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை நம் மாவட்டமே கண்டுவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் சிரப்பைக் குடித்து, 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். அது நச்சுக் கலந்த மருந்து. இதுவோ நல்ல மருந்தின் பக்க விளைவு. இரண்டிலும் ஏழையின் குழந்தைக்குக் காவல் இல்லை என்பதே ஒற்றுமை!

எரித்ரோமைசினும் அஸித்ரோமைசினும் டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாத ‘எச்’ பட்டியலில் உள்ளவை. சட்டம் இருக்கிறது; அமல்தான் இல்லை. மருந்து இன்ஸ்பெக்டர்கள் கடைகளையும் தொழிற்சாலைகளையும் நேரில் சோதிக்க வேண்டும். மருந்துப் பெட்டியில் எச்சரிக்கை தமிழில் இருக்க வேண்டும். பக்க விளைவைப் பதிவு செய்ய 2010 முதல் மத்திய சர்க்காரின் ஏற்பாடு உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் பெற்றோரே சொல்லலாம். இதை ஆஸ்பத்திரிதோறும் எழுதி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தறியும் ஆலையும் ஓயும் மாலை நேரத்தில் தொழிலாளர் தெருக்களுக்கு அருகே டாக்டர் இருக்க வேண்டும்.

கூலிக்கும் குழந்தைக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடு என்று எந்தத் தாயையும் நிர்ப்பந்திக்கலாகாது. தெருத்தெருவாகக் கூடிப் பேசுவோம். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்ப்போம்!