துரியோதனன் தொடையும் இயந்திரத் துப்பாக்கியும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் நிஜமான போர்க்களங்களுக்குக் குறைவில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் அயர் கூட்டின் ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. தென்னிந்தியா யாருக்கு என்ற வழக்கில் பெரும்பாதித் தீர்ப்பு அன்றே வந்துவிட்டது. 1767-ல் செங்கத்திலும் அடுத்துத் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியும் நிஜாமும் கைகோத்துக் கம்பெனிப் படையோடு மோதினார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில் நின்றுகொண்டு இந்த மூன்றில் ஒன்றைப் பற்றி விசாரித்தால், பாடப்புத்தகத்தைத் தாண்டி பதில் வருவது கடினம். ஆனால் பாரதத்தின் பதினேழாம் நாள் போரில் நாகாஸ்திரத்தை எங்கே குறிவைக்கச் சொன்னான் சல்லியன், கர்ணன் ஏன் கேட்கவில்லை என்பதைப் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெரியவர்களும் சொல்வார்கள். எந்தச் சண்டை மனதில் தங்கும், எது தங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மோதும் இருவருக்கும் நடுவே முன்பே ஒரு கணக்கு இருக்க வேண்டும்: உறவு, கடன், கொடுத்த வாக்கு, பட்ட அவமானம். அந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருந்தால் ஓர் அடி போதும். தெரியாவிட்டால் ஆயிரம் அடியும் வீண். இன்றைய தமிழ்ப் படங்களின் சண்டைக் காட்சிகள் பெரும்பாலும் இரண்டாவது வகைக்குப் போய்விட்டன என்பதுதான் என் வாதம்.

இதே ஊரின் வல்லாள மகாராஜா கதையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் 1342-43 வாக்கில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். எண்பது வயதுக்காரர் என்றும், அவருடைய தோலில் வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள் என்றும் இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். ஒரு படத் தயாரிப்பாளர் காதில் விழுந்தால் விடமாட்டார். ஊர் நினைவில் வைத்திருப்பதோ வேறொன்றை. பிள்ளையில்லாத அந்த ராஜாவுக்கு அண்ணாமலையாரே மகன். தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வழியில் சாமிக்குச் சாவுச் செய்தி சொல்லப்படுகிறது, மேளம் நின்றுவிடுகிறது, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவர் திதி கொடுக்கிறார். வாள் இல்லை, யானை இல்லை, தோல் உரித்த சங்கதியும் இல்லை. தகப்பன் போனான், மகன் கடன் கழிக்கிறான், அவ்வளவுதான். அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு தோல்வியை இது உயிரோடு வைத்திருக்கிறது.

தெருக்கூத்துக்காரர்கள் இந்த சூட்சுமத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்துக்கென்றே பெயர் பெற்ற ஊர். சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று திருவிழா நடக்கும். கர்ண மோட்சம் ஆடும் இரவில் போர் வர விடியற்காலை ஆகிவிடும். அதற்கு முன்னால், தேரோட்டி மகன் என்று தன்னை ஏளனம் செய்துவந்த மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெற வேண்டும். சல்லியனோடு தர்க்கம் செய்ய வேண்டும். கடைசியில் அர்ச்சுனனும் கர்ணனும் எதிரெதிரே நின்று அடவு போட்டுச் சுழல்கிறபோது ஆயுதம் மேலே படுவதுகூட இல்லை, படத் தேவையுமில்லை. படுகளத்தன்று இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். மைதானத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கண்ணன் தன் தொடையைத் தட்டிக்காட்ட, பீமன் மண் தொடையில் அடிப்பான். உள்ளே புதைத்து வைத்த செந்நீர் எடுத்துத் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். சபதம் நிறைவேறியது, கூட்டம் ஆர்ப்பரிக்கலாம். ஆனால் அடுத்து வருவது தாய் காந்தாரியும் மனைவி பெருந்திருவாளும் பாடும் ஒப்பாரி. கெட்டவன் செத்த பிறகு அவன் வீட்டுப் பெண்களை அழவிட்டு, அதையும் ஊரைக் கேட்கவைக்கும் துணிச்சல் நம் சினிமாவில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

அது பக்தி, வேண்டுதலுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், கலையாக எண்ணி யாரும் வருவதில்லை என்று சொல்லக்கூடும். நடுச்சாமத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவதும் உண்மைதான். ஆனால் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964-ல் வந்தது. 2012-ல் புதுப்பித்து வெளியிட்டபோது மறுபடியும் அரங்குகள் நிறைந்தன. வேண்டுதலுக்காக யாரும் டிக்கெட் வாங்கியிருக்க மாட்டார்கள். முடிவு தெரியாத ஆவலும் அவர்களுக்குக் கிடையாது. அம்பு பட்டுச் சாய்ந்துகிடக்கும் சிவாஜியிடம் கண்ணன் தானம் கேட்டு வருவதைப் பார்க்கத்தான் போனார்கள். ‘தேவர் மகன்’ (1992) உச்சக்கட்டச் சண்டையும் இந்த வழியில் வந்ததுதான். சக்திவேல் கையால் மாயன் சாகும்போது தோற்றவன் சக்திவேல், ஏனென்றால் அரிவாளைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் அவன் அத்தனை நேரமும் போராடினான்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. சண்டையே ஒரு வித்தை, அடியின் அழகுக்காகவே ரசித்தால் என்ன? எம்.ஜி.ஆர். வாள் சுழற்றியதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் எல்லோரும் தத்துவமா தேடினார்கள்? தேடவில்லைதான். ஆனாலும் ‘அடிமைப்பெண்’ (1969) சண்டையைக் கவனியுங்கள். ஒற்றைக்கால் அசோகனோடு மோத, எம்.ஜி.ஆர். தன் ஒரு காலை மடக்கிக் கட்டிக்கொள்கிறார். காலடியில் வலை, வலைக்குக் கீழே ஈட்டிகள். வித்தை அபாரம். ஆனால் அந்தக் காட்சியைக் காலாகாலத்துக்கும் நிறுத்தியது காலைக் கட்டிக்கொண்ட அந்த நியாயம். ‘சார்பட்டா பரம்பரை’யில் (2021) டான்சிங் ரோஸ் கையைத் தொங்கவிட்டு, இடுப்பை நெளித்து, முகத்தை நீட்டிக்காட்டி ஆடுகிறானே, அன்பறிவு அமைத்த அந்த ஆட்டத்தில் ஒவ்வோர் அசைவும் அவனுடைய திமிரைப் பேசுகிறது. வித்தைக்கும் மனுஷனுக்கும் அங்கே இடைவெளியே இல்லை. என் குறை அப்படிப்பட்ட வித்தையின்மேல் இல்லை. முகமில்லாத அடியாட்கள் வரிசையில் வந்து பறந்து விழுகிறார்களே, அதன்மேல்தான். ‘கைதி’ (2019) ஒரே ராத்திரிக் கதை, கூத்தைப்போல. முகம்கூடப் பார்த்திராத மகள் காத்திருக்கிறாள் என்பது தெரிந்ததால் நாயகன் டில்லி வாங்கும் ஒவ்வோர் அடியும் நமக்கும் வலிக்கிறது. அதே படத்தின் கடைசியில் இயந்திரத் துப்பாக்கி வந்ததும் வலி போய்விட்டது, சத்தம்தான் மிச்சம். அரங்கு அதிர்ந்தது என்பார்கள். வெடிக்கடை தீப்பிடித்தாலும் அதிரத்தான் செய்யும்.

மிச்சமிருப்பது பிரமாண்டம் பற்றிய கேள்வி. பெரும்போரைப் பெரிதாகத்தானே காட்ட வேண்டும்? அகிரா குரோசவா ‘செவன் சாமுராய்’ (1954) படத்தின் மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட நீளத்தில் முதல் பாதியை ஆள் சேர்ப்பதற்கும் ஊரைத் தயார்படுத்துவதற்குமே செலவழித்தார். கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் கதவைத் திறக்கச் சொல்லிப் பெண்களோடு ஊடல் பேசி, பேய்களின் பசியை விஸ்தாரமாகப் பாடி, கடைசிப் பகுதிகளில்தான் போருக்கு வருகிறார், அதையும் ஒரு பேயின் வாய்மொழியாக. கல்கி ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களிலும் இரு சேனைகள் மோதும் பெரும்போர் ஒன்றையும் நேராக நடத்திக்காட்டவில்லை. திருப்புறம்பயப் போரும் பழங்கதையாகத்தான் வருகிறது. ஆனாலும் கால் விளங்காத கிழட்டு விஜயாலயன் வீரர்களின் தோளில் ஏறி இரு கையிலும் வாள் சுழற்றியதை மறந்த வாசகர் உண்டா? அதைப் படமாக்கிய மணிரத்னத்துக்குக் குதிரைகளும் பணமும் கணினி வரைகலையும் கிடைத்தன, இரு பாகங்களிலும் (2022, 2023) போரை எடுத்தார். யார் யாரை வெட்டினார்கள் என்று இப்போது கேட்டால் சொல்வது சிரமம். கடம்பூர் மாளிகையில் கரிகாலனும் நந்தினியும் தனியாகச் சந்திக்கும் இடம் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. அந்தப் படத்தின் போர் அதுதான், அதற்கு இரண்டு பேரும் ஓர் ஆயுதமும் போதுமாக இருந்தது.