வள்ளி வெல்லும் வாதம்

முத்துநகர் என்ற பெயர் தூத்துக்குடிக்கு மட்டுமல்ல, ஆஸ்திரேலியாவின் புரூம் நகருக்கும் பொருந்தும். பழங்குடி, சீன, ஜப்பானிய வேர்கள் கொண்ட ஜிம்மி சீ அங்கே பிறந்தவர். 1990இல் பெர்த்தில் அரங்கேறிய அவருடைய ‘பிரான் நூ டே’ இசை நாடகத்தில், கிறிஸ்தவ விடுதியிலிருந்து ஊர் திரும்பும் பழங்குடிச் சிறுவன் வில்லி, வழித்துணையாக வந்த டாட்போல்தான் தன் தந்தை என்று அறிகிறான். கூட வந்த ஜெர்மானிய இளைஞனுக்கோ, தன்னைப் பெற்றவள் பழங்குடிப் பெண் என்பதே அப்போதுதான் தெரிகிறது. அரங்கம் சிரிக்கிறது. ஆனால் பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து அரசே பிரித்தெடுத்த வரலாறு அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நிற்கிறது.

இப்படி உண்மை அறியும் காட்சி நம் கரை நாடகத்திலும் உண்டு; இங்கே அறிபவள் ஒரு வேடர் குலப் பெண். தூத்துக்குடி வட்டாரத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில், தினைப்புனம் காக்கும் வள்ளி நாரதரோடு மோதுகிறாள். வேடனாக வந்த முருகனையும் விடுவதில்லை. பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் தர்க்கம்.

யானை மிரட்டிய பிறகு, கிழவனாக வந்தவனும் முருகன்தான் என்று அவள் அறிவதைப் பெரிதாகச் சொல்வார்கள். அது முருகன் காட்டியது. தர்க்கத்தில் தன் சொல்லுக்கு உள்ள பலமோ அவளாகவே கண்டது.

மேடையில் அந்தத் தர்க்கத்துக்கு உரிய நேரத்தைத்தான் பபூன் காமெடியும் சினிமாப் பாட்டும் தின்கின்றன. சுவாமிகளின் சொந்த மாவட்டத்துக் கல்லூரி மேடைகளாவது தர்க்கக் காட்சியை வெட்டாமல் நடத்தட்டும்.