நாலு சக்கரமும் இழுத்தா மட்டும் போதுமா?

ராத்திரி பெய்ஞ்ச மழையில கழனி ஈரமா இருக்கு, இன்னிக்கு இறங்க முடியாது. ரொம்ப நாளா மனசுல இருக்கற ஒரு விஷயத்தை எழுதிடறேன். சனி, ஞாயிறு ஆனா சென்னையில இருந்து பெரிய பெரிய வண்டியில எங்க ஆர்.கே.பேட்டை பக்கம் மலையையும் காட்டையும் தேடி வர்ற தம்பிங்களுக்காக இது.

போன ஐப்பசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீக்கடை முன்னாடி ஒரு புது வண்டி வந்து நின்னது. நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. ஓட்டிட்டு வந்த தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். பக்கத்துல அவர் வீட்டம்மா, பின்சீட்டுல ஆறேழு வயசுல ஒரு பொண்ணு. "ஐயா, இந்தப் பாதை மலை அடிவாரம் வரைக்கும் போகுமா?"ன்னு கேட்டார். "போகும் தம்பி, தாராளமா போகும்"னு நானும் சொல்லிட்டேன். நான் மனசுல வச்சுக்கிட்டு சொன்னது மாட்டு வண்டியை, அதுவும் கோடைக்காலத்துல போறதை. அவர் கேட்டது ரெண்டு டன் காருக்கு.

மதியம் ரெண்டு மணிக்கு மழை பிடிச்சது. சாயங்காலம் ஆறு மணிக்கு, முட்டி வரைக்கும் சேத்தோட அந்தத் தம்பி பம்புசெட்டுக்கு நடந்தே வந்து நிக்கறார். வண்டி ஏரி உள்வாயில மாட்டிக்கிச்சு. பொண்ணும் அம்மாவும் வண்டிக்குள்ளயே இருக்காங்க. போன்ல டவர் இல்ல. இருட்டிட்டு வருது.

டிராக்டரை எடுத்துட்டுப் போனேன். அவசரத்துல நான் பண்ணது பெரிய தப்பு. சங்கிலியைக் கீழ் கொக்கியில மாட்டாம, மேல டாப் லிங்க் மாட்டற இடத்துல மாட்டிட்டேன். இழுத்ததும் டிராக்டரோட முன்சக்கரம் ஒரு சாண் தூக்கிக்கிச்சு. சட்டுனு கிளட்சை மிதிச்சதால பொழைச்சேன். இல்லேன்னா டிராக்டர் பின்னாடி மல்லாந்து என் மேலயே விழுந்திருக்கும். முப்பது வருஷமா டிராக்டர் ஓட்டறவன் நான். பதட்டம் வந்தா அனுபவம் எல்லாம் எங்கயோ போயிடுது. அப்புறம் கீழ மாட்டி, நிதானமா இழுத்து, வண்டி கரையேற மணி எட்டரை ஆச்சு.

தம்பி ரெண்டாயிரம் ரூபா நீட்டினார். வாங்கல. ஆனா மறுநாள் காலையில போய்ப் பாத்தா அந்த வண்டிப்பாதை இடுப்பளவு பள்ளமா கிடக்கு. அப்பாலே கொல்லி வச்சிருக்கறவர் அந்த வாரம்தான் வேர்க்கடலை பிடுங்கினார். மூட்டை ஏத்த வந்த குட்டி யானை உள்ள போக முடியல. அத்தனை மூட்டையும் தலைச்சுமையாவே வெளிய வந்தது. அந்தத் தம்பிகிட்ட பணத்துக்குப் பதிலா ரெண்டு லோடு மொரம்பு கேட்டிருக்கணும்னு அப்பதான் தோணிச்சு.

நான் வண்டியைக் குத்தம் சொல்லல. எங்க மாவட்டத்துக்கும் இந்த மாதிரி வண்டிக்கும் பழைய உறவு உண்டு. திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலதான் 1998ல இருந்து மிட்சுபிஷி லான்சர் வந்தது. அப்புறம் அதே இடத்துல பஜேரோவும் வந்தது. நல்ல வண்டி நல்ல வண்டிதான். நான் சொல்றது, அது என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தெரிஞ்சு ஓட்டணும்கறதுதான்.

ஆல் வீல் டிரைவ் வேற, ஃபோர் பை ஃபோர் வேற. கிராண்ட் விட்டாரா மாதிரி ஆல் வீல் டிரைவ் வண்டியில, முன்சக்கரம் வழுக்கினா வண்டியே பாத்து பின்சக்கரத்துக்கும் இழுவை அனுப்பும். மழை ரோட்டுக்கும் லேசான மண் பாதைக்கும் அது போதும். ஆனா 'லோ' கியர் கிடையாது. சேத்துல ரொம்ப நேரம் முறுக்கினா, இழுவை அனுப்பற கிளட்ச் சூடாகி வேலையை நிறுத்திடும். தார், ஜிம்னி மாதிரி வண்டியில (தார்ல நாலு சக்கரமும் இழுக்காத வகையும் இருக்கு, பாத்துக்கோங்க) தனியா 'லோ' போட ஒரு நெம்பு இருக்கும். பாறை ஏறவும், இறக்கத்துல பிரேக்கை அழுத்தாம இன்ஜின் பிடிப்புலயே மெதுவா இறங்கவும் அதுதான் உதவும்.

ரெண்டு வண்டிக்கும் பொதுவான ஒண்ணு: நாலு சக்கரமும் இழுக்கறது முன்னாடி போறதுக்குத்தான். நிக்கறதுக்கு எல்லா காரிலயும் இருக்கற அதே பிரேக்தான். சாதாரண கார் பத்தடியில மாட்டிக்கும், நீங்க இறங்கி நடந்து வந்துடலாம். இந்த வண்டி ரெண்டு கிலோமீட்டர் உள்ள கொண்டுபோய் மாட்ட வைக்கும். நல்ல வண்டியில இருக்கற ஆபத்தே இதுதான். சக்கரம் சுத்த ஆரம்பிச்சதுமே காலை எடுத்துடணும். ரேஸ் பண்ணா அச்சு வரைக்கும் இறங்கும்னு சேடை ஓட்டற எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது தண்ணி. பள்ளிப்பட்டு பக்கம் கொசஸ்தலை ஆத்துல வர்ற வெள்ளம் நம்ம ஊர் மழையால மட்டும் வர்றதில்ல. ஆந்திராவுல கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தாலும் வரும். இங்க வெயில் அடிக்கும், தரைப்பாலத்து மேல தண்ணி போகும். "என் வண்டி 650 மில்லிமீட்டர் தண்ணியில போகும்"னு ஒரு தம்பி சொன்னார். கம்பெனி சொல்றது சரிதான், ஆனா அது நிக்கற தண்ணிக்கு. ஓடற தண்ணி ஒரு அடி இருந்தாலே சின்ன காரைத் தள்ள ஆரம்பிச்சுடும். ரெண்டடி போனா பெரிய வண்டியும் நகரும். அடியில பாலம் இருக்கா, அரிச்சுட்டுப் போயிடுச்சான்னு மேல இருந்து பாத்தா தெரியாது. தேங்கின தண்ணின்னா முதல்ல ஒருத்தர் கம்பு ஊனி நடந்து பாக்கணும். ஓடற தண்ணின்னா திரும்பிடணும். தண்ணிக்குள்ள இன்ஜின் நின்னு போச்சுன்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. உள்ள தண்ணி ஏறியிருந்தா இன்ஜினே உடைஞ்சிடும்.

மூணாவது, அது யார் பாதை? போன் மேப்புல கோடு தெரிஞ்சா அது ரோடு ஆயிடாது. பாதி எங்க பட்டா நிலத்து வரப்பு, மீதி காப்புக்காடு. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறது 1882ம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டப்படி குத்தம். இங்க இன்னொரு சிக்கல், மலையில மாநில எல்லை கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ஆந்திரா காடு, நம்ம வனத்துறை அனுமதி அங்க செல்லாது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டினதா சொல்லி நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்னதை நாங்க மறக்கல. ராத்திரியில தெரியாத வண்டி லைட் காட்டுக்குள்ள தெரிஞ்சா, யாரும் சுற்றுலான்னு நினைக்க மாட்டாங்க.

ராத்திரியில இன்னொரு பயமும் இருக்கு. காட்டுப் பன்றிக்காக சிலர் திருட்டுத்தனமா கரண்ட் கம்பி போடறாங்க. தப்புதான், எத்தனையோ உயிர் போயிருக்கு. ஆனா இருக்கு. அதனால இருட்டுல வழி தேடி கொல்லிக்குள்ள இறங்கி நடக்காதீங்க.

மாசியில இருந்து சித்திரை வரைக்கும் நெருப்பு பயம். ஓடி வந்த வண்டியோட சைலன்ஸர் பக்கம் கை வைக்க முடியாது. காய்ஞ்ச புல்லு மேல நிறுத்தினா அதுவே பத்திக்கும். 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில மலையேறப் போனவங்க இருபது பேருக்கு மேல காட்டுத் தீயில செத்தாங்க. பாதி பேர் உங்க சென்னைப் பக்கத்துப் பிள்ளைங்கதான். புல்லுல தீ வந்தா மனுஷன் ஓடி ஜெயிக்க முடியாது.

"அப்போ வரவே கூடாதா?"ன்னு கேப்பீங்க. வாங்க. எங்க ஊருக்கு யார் வந்தாலும் எங்களுக்கு சந்தோஷம்தான். பஞ்சாயத்து ரோடு, மலையைச் சுத்திப் போற தார் ரோடு எல்லாம் உங்களுக்கும் சேத்துத்தான். காட்டுக்குள்ளயே போகணும்னா அரசாங்கமே 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதை திறந்தது. பூண்டி பக்கத்துல கூடியம் குகையும் அதுல ஒண்ணு. பதிவு பண்ணா வழிகாட்டியோட நடந்து பாத்துட்டு வரலாம்.

மண் பாதையில இறங்கியே ஆகணும்னா தனி வண்டியா வராதீங்க, ரெண்டு வண்டியா வாங்க. எங்க போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு வீட்டுலயும் ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க. மதியம் மூணு மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடுங்க. மணல்ல டயர் காத்தைக் கொஞ்சம் இறக்கினா பிடிப்பு வரும், ஆனா மறுபடி அடிக்க சின்ன பம்பு வண்டியில இருக்கணும். மண்வெட்டி, ரெண்டு பலகை, நல்ல இழுவைப் பட்டை, குடிதண்ணி இருக்கட்டும். இழுக்கும்போது கம்பி கயிறோ சங்கிலியோ அறுந்தா ஆளையே வெட்டிடும். கயிறு நீளத்துக்கு மேல தள்ளி நில்லுங்க, குழந்தைங்களை இன்னும் தூரமா. இழுக்க வர்ற டிராக்டர்காரர் மேல மாட்டினா, "கீழ மாட்டுங்க அண்ணா"ன்னு சொல்லுங்க. நானே தப்பு பண்ணவன், கோவிச்சுக்க மாட்டோம்.

பாதையில குறுக்க சொட்டுநீர் குழாய் கிடந்தா இறங்கி நகத்தி வச்சிட்டுப் போங்க. உங்களுக்கு அது ஒரு குழாய், எங்களுக்கு ஒரு போகம்.

இதுல என் பங்கும் இருக்கு. அன்னிக்கு வாய் புளிச்சதோ மாங்கா புளிச்சதோன்னு "போகும்"னு சொன்னவன் நான்தானே. அந்தப் பொண்ணு வண்டியில இருந்து இறங்கினதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு கரை வரைக்கும் விடவே இல்ல. இப்ப யாராவது வழி கேட்டா, எந்தப் புளியமரம் வரைக்கும் போகும், அதுக்கப்புறம் ஏன் போகாதுன்னு சேத்துச் சொல்லி அனுப்பறேன். அந்த மரத்தடியில வண்டியை நிறுத்திட்டு நடங்க. மலை அங்கிருந்து அரை மணி நேரம்தான்.